சாக்கே ஆலையில் பியர்: 60 கிலோலிட்டரா, 6 கிலோலிட்டரா, அடுத்தவர் தொட்டியா?

ஜப்பானில் அரிசி மதுவான சாக்கேயைக் காய்ச்சுவது பெரும்பாலும் குளிர்கால வேலை. இலையுதிர் காலத்தில் புது அரிசி வந்ததும் தொடங்கும்; மார்ச், ஏப்ரலில் கடைசித் தொட்டியைப் பிழிந்து முடிப்பார்கள். அதன் பிறகு ஆறு மாதம் நீராவிக் கொதிகலன், குளிர் அறை, கிணறு எல்லாம் சும்மா கிடக்கும். பியரோ கோடையில்தான் விற்கும். 1994இல் மதுவரிச் சட்டம் திருத்தப்பட்டு, பியர் உரிமத்துக்கான குறைந்தபட்ச ஆண்டு உற்பத்தி 2,000 கிலோலிட்டரிலிருந்து 60 கிலோலிட்டராகக் குறைந்ததும் இந்தப் பொருத்தம் பல ஆலைக்காரர்களின் கண்ணில் பட்டது. நீகாட்டாவில் ஒரு சாக்கே குடும்பம் தொடங்கிய எச்சிகோ பியர் 1995இல் கடை திறந்தது. அதே ஆண்டில் கியோட்டோவின் ஃபுஷிமியில் கிசாகுராவும், ஒகயாமாவில் மியாஷிதாவும் இறங்கின. 1823 முதல் சாக்கே காய்ச்சிவரும் இபராக்கியின் கியுச்சி 1996இல் தொடங்கிய ஹிட்டாச்சினோ நெஸ்ட் பியரின் ஆந்தைச் சின்னம் இன்று பல நாடுகளில் தெரியும்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. தஸ்ஸாய் சாக்கேயால் பெயர் பெற்ற யாமகுச்சியின் அசாஹி ஷுசோ 1999இல் இவாகுனியில் திறந்த பியர் உணவகம் சில மாதங்களிலேயே மூடப்பட்டது. நட்டத்தைப் பார்த்து அந்த ஆலையின் தலைமைக் காய்ச்சுநரான தோஜியும் வேறு இடம் போய்விட்டார். அதன் பிறகு அங்கே ஊழியர்களே ஆண்டு முழுக்க சாக்கே காய்ச்சக் கற்றுக்கொண்டார்கள் என்பது தனிக் கதை.

இன்று ஒரு சாக்கே ஆலை பியரில் இறங்க மூன்று வழிகள் இருக்கின்றன. முழு பியர் உரிமம் வாங்கலாம். ஹாப்போஷு உரிமம் வாங்கலாம்; மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) குறைவாகவோ பிற பொருள் கூடுதலாகவோ சேர்ந்ததால் சட்டப்படி ‘பியர்’ ஆகாத, பியர் போன்ற மதுதான் ஹாப்போஷு. அல்லது உரிமமே வாங்காமல் வேறு பியர் ஆலையில் ஒப்பந்தத்துக்குக் காய்ச்சித் தரச் சொல்லலாம். பலரும் தண்ணீர், ஈஸ்ட், அரிசி என்று ருசிப் பக்கத்திலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். தொட்டிக் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி. ருசிப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் தீர்வு உண்டு. விற்காத பியருக்குக் கிடையாது.

60 என்ற எண்ணின் எடை

60 கிலோலிட்டர் என்றால் 330 மில்லி பாட்டில்களில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். கெக் எனும் உலோகப் பீப்பாய்களில் சொன்னால், வாரத்துக்கு 20 லிட்டர் கெக் 58. உங்கள் சாக்கேயை ஏற்கெனவே வாங்கும் இசகாயா மதுவகங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை கடை ஜனவரியிலும் வாரம் ஒரு கெக் எடுக்கும்? 58 கடை தேறாவிட்டால் இந்த உரிமம் உங்களுக்கு இன்னும் பெரிது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 60க்குக் கீழே போனால் உரிமத்தை ரத்து செய்ய வரி அலுவலகத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இனி தொட்டிகள். ஒரு முறைக்கு 1,000 லிட்டர் காய்ச்சும் கலன் என்று வைப்போம். அடி வண்டல், குழாயில் தங்குவது, நிரப்பும்போது நுரையாகப் போவது எல்லாம் சேர்ந்து பத்து சதவீதம் கழியும். ஆக 60 கிலோலிட்டர் விற்பனைக்குக் கிடைக்க ஆண்டுக்கு 67 முறை காய்ச்ச வேண்டும். ஏல் வகை (சற்று வெப்பத்தில் விரைவாக நொதிக்கும் பியர்) ஒரு தொட்டியில் மூன்று வாரம் இருக்கும் என்றால் ஒரு தொட்டி ஆண்டுக்கு 17 சுற்று ஓடும். நான்கு தொட்டி போதும். குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் ஆறு வாரம் எடுக்கும். எட்டு தொட்டி வேண்டும்.

இந்தக் கணக்கு ஆண்டு முழுக்கக் காய்ச்சினால்தான் சரி. ‘சாக்கே இல்லாத கோடையில் மட்டும் பியர்’ என்ற அந்த அழகான யோசனையை இதில் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரத்தில் 67 முறை, அதாவது வாரத்துக்கு இரண்டரை முறைக்கு மேல். ஏலுக்கே எட்டு தொட்டி தேவைப்படும், குளிர்காலத்தில் அந்த எட்டும் காலியாக நிற்கும். சும்மா கிடக்கும் கருவிகளுக்கு வேலை கொடுக்கப் போய், சும்மா கிடக்க இன்னும் எட்டு தொட்டி வாங்கியதாக முடியும். 60 கிலோலிட்டர் உரிமம் எடுப்பவர் பியருக்கென்று ஆண்டு முழுக்க இருவரையாவது நிரந்தரமாக வைக்க வேண்டும். சாக்கே ஆட்களை வைத்தே சமாளிக்கலாம் என்றால் ஜனவரியில் மாட்டிக்கொள்வீர்கள். உயர்தர கின்ஜோ சாக்கே நொதிக்கும் மாதம் அது, யாரும் வெளியே வர மாட்டார்கள்.

ஹாப்போஷு உரிமத்தின் குறைந்தபட்சம் 6 கிலோலிட்டர். 200 லிட்டர் கலனில் ஆண்டுக்கு 34 முறை, வாரத்துக்கு ஆறு கெக், பாட்டிலில் பதினெட்டாயிரம். கோடையில் மட்டும் காய்ச்சினாலும் 200 லிட்டர் தொட்டி நான்கு போதும். ஆலை வாசலில் ஒரு சிறு குடிப்பிடமும் ஆறேழு கடைகளும் இருந்தால் தீர்ந்துவிடும் அளவு இது. கோடைக்கால யோசனை உண்மையில் பொருந்துவது இங்கேதான்.

வரியில் உள்ள வேறுபாடு நாளாக ஆக மங்குகிறது. 2023 அக்டோபர் முதல் பியருக்குக் கிலோலிட்டருக்கு 1,81,000 யென். ஹாப்போஷுவில் மால்ட் விகிதம் 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பியருக்குள்ள அதே வரி. 25 முதல் 50க்குள் 1,55,000. 25க்குக் கீழே 1,34,250. 2026 அக்டோபர் முதல் எல்லாம் 1,55,000 என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனவே வரி மிச்சத்துக்காக ஹாப்போஷு எடுப்பதில் அர்த்தமில்லை. 60க்கும் 6க்கும் உள்ள இடைவெளிதான் அதை எடுக்கக் காரணம். சாக்கேக்கு வரி கிலோலிட்டருக்கு 1,00,000 யென்தான். அந்தப் பழக்கத்தில் விலை போட்டு மாட்டிக்கொள்வது எளிது. 60 கிலோலிட்டர் பியருக்கு, சிறு ஆலைகளுக்கான சலுகையைக் கழிக்காமல், 1 கோடியே 8 லட்சத்து 60 ஆயிரம் யென் வரியாகப் போகும்.

ஹாப்போஷு: அரிசிக்காரனுக்குக் கிடைத்த சலுகை

2018 ஏப்ரலில் பியரின் வரையறை தளர்ந்தது. அதற்கு முன் மால்ட் விகிதம் 67 சதவீதம் வேண்டும். ஆரஞ்சுத் தோலோ கொத்துமல்லி விதையோ விழுந்தால் முழு மால்ட்டில் காய்ச்சியதும் ஹாப்போஷுதான். இப்போது 50 சதவீதம் போதும். பழம், மசாலா, மூலிகை, தேயிலை, மிசோ, சிப்பி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள பொருட்களை மால்ட் எடையில் 5 சதவீதம் வரை சேர்க்கலாம். 200 கிலோ மால்ட்டுக்கு 10 கிலோ யுசு எலுமிச்சை என்றால் எந்த ருசிக்கும் தாராளம். இவாத்தேயின் செக்கினோஇச்சி ஆலை தன் இவாத்தே குரா பியரில் சான்ஷோ மிளகும் சிப்பியும் போடுவது போன்ற வேலைகள் இன்று பியருக்குள்ளேயே அடங்கும்.

அப்படியானால் ஹாப்போஷு உரிமம் மட்டும் வைத்திருப்பவர் என்ன காய்ச்சலாம்? அந்த உரிமத்தில் ‘பியர்’ காய்ச்ச முடியாது. ஒவ்வொரு வகைக்கும், ஒவ்வொரு இடத்துக்கும் தனி உரிமம். வழி மூன்று: மால்ட்டை 50க்குக் கீழே கொண்டுவருவது, பட்டியல் பொருளை 5 சதவீதத்துக்கு மேல் போடுவது, பட்டியலிலேயே இல்லாத ஒன்றைச் சிறிதளவு சேர்ப்பது. வெளியாட்கள் கடைசி வழியை எடுப்பார்கள். சாக்கே ஆலைக்கு முதல் வழிதான் இயல்பானது, ஏனென்றால் அரிசி கைவசம் இருக்கிறது. விகிதம் கணக்கிடும்போது நீரையும் ஹாப்ஸையும் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) விட்டுவிட்டு மற்ற மூலப்பொருள் எடையில் மால்ட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 200 லிட்டருக்கு 18 கிலோ மால்ட், 22 கிலோ அரிசி என்றால் 45 சதவீதம்.

இதில் பிசகும் இடங்களும் உண்டு. வெள்ளை அரிசியில் உமி இல்லாததால் வடிகட்டும் படுகை இறுகிக்கொள்ளும். மொத்தத் தானிய எடையில் 3 முதல் 5 சதவீதம் கழுவிய நெல் உமி போட வேண்டும். அரிசியின் மாவுச்சத்து மால்ட் நொதிகள் வேலை செய்யும் வெப்பத்தில் முழுதாக இளகாது. தனியாக வேகவைத்தாக வேண்டும். இதற்குப் பியர் ஆலைகள் தனிக் கலன் வாங்குகின்றன. சாக்கே ஆலையில் கோஷிக்கி இருக்கிறது. புட்டு அவிப்பது மாதிரி ஆவியிலேயே அரிசியை வேகவைக்கும் பெரிய அண்டா. அவித்த அரிசியைக் கட்டி உடைத்து நேரே மாஷில், அதாவது வெந்நீரில் மால்ட் ஊறும் கலவையில், கொட்டலாம். ஆனால் சூடாகக் கொட்டினால் மாஷ் 70 டிகிரியைத் தாண்டி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பீட்டா அமைலேஸ் நொதி செத்துப்போகும். அரிசியை 65க்கு ஆறவிட்டு, மாஷ் 63இல் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஈஸ்ட்டுக்குத் தேவையான அமினோ நைட்ரஜன் மால்ட்டிலிருந்துதான் வருகிறது. அரிசியிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமில்லை. மால்ட்டைப் பாதியாக்கினால் அதுவும் பாதியாகும். லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய வோர்ட்டில் (மாஷை வடித்தெடுத்த இனிப்புச் சாறு) நொதித்தல் நான்காம் நாளே தளரும். அழுகிய முட்டை வாடையும், பிறகு டயசெட்டில் என்னும் வெண்ணெய் வாடையும் வரும். ஈஸ்ட் ஊட்டச்சத்து போட்டுச் சரிசெய்யலாம். இன்னொன்று, அரிசியில் பத்தில் ஒரு பங்கைக் கோஜியாக (சாக்கேக்கான பூஞ்சை வளர்த்த அரிசி) மாற்றி மாஷில் சேர்ப்பது. கோஜியின் புரத நொதிகள் மால்ட் புரதத்தை மேலும் உடைத்துத் தரும். கோஜியை, வோர்ட் கொதிப்பதற்கு முன், மாஷில்தான் சேர்க்க வேண்டும். ‘மணத்துக்காக’ என்று நொதிக்கும் தொட்டியில் போட்டால் அதன் குளுக்கோ அமைலேஸ் நொதி கொதியில் சாகாமல் பாட்டில்வரை வந்து, ஈஸ்ட் தின்னாத டெக்ஸ்ட்ரினைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். உயிருள்ள ஈஸ்ட் சிறிது இருந்தாலும் போதும், பாட்டில் வெடிக்கும்.

அரிசி தீட்டும்போது விழும் வெண்தவிடு கிட்டத்தட்டத் தூய மாவுச்சத்து. அதை மொத்தத் தானியத்தில் 20 சதவீதம் வரை இதற்குப் பயன்படுத்தலாம். முதலில் விழும் செந்தவிட்டைத் தொடாதீர்கள். அதன் எண்ணெய் பியரின் நுரையைக் கொன்றுவிடும், ஒரு மாதத்தில் சிக்கடிக்கும்.

ஹாப்போஷுவின் உண்மையான குறை லேபிள். ‘ஹாப்போஷு’ என்று அச்சிட்டாக வேண்டும். ஜப்பானியக் குடிகாரர்கள் மனதில் அந்தச் சொல் பெரிய நிறுவனங்களின் மலிவு டின்னோடு ஒட்டியிருக்கிறது. ஆலை வாசலில் விளக்கிச் சொல்லி விற்கலாம். தோக்கியோ கடை அலமாரியில் விளக்க ஆள் கிடையாது.

ஒப்பந்தத்தில் காய்ச்சுவது

முதல் ஆண்டுக்கு இதுதான் சரி என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒரே ஆண்டுக்கு. அடுத்த ஆலையின் ஒரு தொட்டி அளவைக் காய்ச்சச் சொல்லி, உங்கள் அரிசியையும் ஈஸ்ட்டையும் கொடுத்து, அந்த 58 கடைகளில் எத்தனை உண்மையில் வாங்குகின்றன என்று பார்த்துவிடலாம். தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. ‘எங்கள் கிணற்று நீர்’ என்று சொல்லிப் பெயர் வாங்கிய ஆலைக்கு அது சங்கடமான உண்மை. லேபிளில் மறைத்தால் பிறகு சாக்கேயின் பெயரும் சேர்ந்து கெடும்.

சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சாக்கே ஆலை தன் வளாகத்தில் தன் சாக்கேயை விற்கத் தனி விற்பனை உரிமம் தேவையில்லை. அந்த விலக்கு, அந்த இடத்தில் தயாரிப்பு உரிமம் பெற்ற வகைக்கு மட்டும். வெளியே காய்ச்சிய பியரை ஆலைக் கடையில் பாட்டிலாகவும் இசகாயாக்களுக்கும் விற்கச் சில்லறை உரிமம், மதுக்கடைகளுக்கு அனுப்ப மொத்த உரிமம் வேண்டும். அதை வாங்காமல் முதல் லாரியை வரவழைத்துவிட்டுப் பிறகு விண்ணப்பப் படிவம் தேடக் கூடாது.

ஆலையே இல்லாத புதியவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. உள்நாட்டு விற்பனைக்குப் புதிய சாக்கே உரிமம் நடைமுறையில் கிடைப்பதில்லை. அதனால் ‘பிற காய்ச்சு மது’ உரிமத்தில், அதுவும் 6 கிலோலிட்டர்தான், அரிசி, கோஜியோடு ஹாப்ஸும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். ஃபுக்குஷிமாவின் மினாமிசோமாவில் 2021இல் தொடங்கிய ஹக்கோபா இந்த வகை. தோஹொக்கு கிராமங்களில் வீட்டு மதுவுக்குக் காட்டு ஹாப்ஸ் போடும் ஹனாமொத்தோ முறை முன்பே இருந்ததால் இது கண்மூடித்தனமான கலப்பும் இல்லை. பியர் வேண்டும் என்பவருக்கு இது விடையாகாது, அவ்வளவுதான்.

தண்ணீர்: பெயர் பெரிது, திருத்தம் சிறிது

சாக்கே வட்டாரங்கள் தண்ணீரால் உருவானவை. கோபே அருகே நாடாவின் மியாமிசு என்ற கிணற்று நீர் 1840இல் அடையாளம் காணப்பட்டது. கடினத்தன்மை ஜெர்மன் அளவில் சுமார் 8, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் அதிகம், இரும்பு மிகக் குறைவு. ஃபுஷிமி நீர் அதைவிட மென்மை. நீகாட்டாவின் பனி உருகி வரும் நீர் இன்னும் மென்மை. ஹிரோஷிமாவின் அகிட்சுவில் மென்னீரில் காய்ச்சும் முறையை மியுரா சென்சபுரோ வகுத்து 1898இல் வெளியிட்ட பிறகுதான் அந்த வட்டாரம் எழுந்தது.

பியருக்கு இவற்றில் எது நல்லது? நீகாட்டாவின் மென்னீரில் பில்ஸ்னர் (வெளிறிய லாகர்) திருத்தமே இல்லாமல் நன்றாக வரும். செக் நாட்டு பில்சன் நகரின் நீரும் அந்த வகைதான். கசப்பு மிகுந்த ஐ.பி.ஏ.க்கு அதே நீர் மந்தமாக இருக்கும்: மாஷின் பி.எச். 5.7க்கு மேல் நிற்கும், வோர்ட் தெளியாது, கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். திருத்தம் இருநூறு கிராமில் முடிந்துவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம் உள்ள 1,000 லிட்டர் நீரை 60க்குக் கொண்டுவர ஜிப்சம் 107 கிராம், இருநீர் கால்சியம் குளோரைடு 92 கிராம், இரண்டும் சேர்த்து. கசப்பு கூர்மையாக வேண்டுமானால் ஜிப்சம் பக்கம் சாயுங்கள், மால்ட் ருசி முழுதாக வர வேண்டுமானால் குளோரைடு பக்கம். குளோரைடு பொட்டலம் ஈரம் குடித்திருந்தால் எடை பொய் சொல்லும்; திறந்து நாளான பொட்டலத்தை நம்பாதீர்கள்.

எதிர்த் திசையில்தான் சிரமம். உப்பைச் சேர்க்கலாம், எடுப்பது கஷ்டம். நாடாவின் நீரில் மெல்லிய பில்ஸ்னர் காய்ச்ச வேண்டுமானால் எதிர்ச் சவ்வூடு வடிகட்டி வைக்க வேண்டும், அதில் பாதி நீர் சாக்கடைக்குப் போகலாம். அங்கே வெளிறிய ஏலும் அம்பர் நிறத்தவையும் காய்ச்சுவது புத்திசாலித்தனம்.

இரும்பு விஷயத்தில் சாக்கே ஆலை எல்லாப் பியர்க்காரர்களையும்விட முன்னே நிற்கிறது. கோஜி பூஞ்சை உண்டாக்கும் ஒரு சேர்மம் இரும்பைப் பிடித்துக்கொண்டு சாக்கேயைச் செம்பழுப்பாக்கிவிடும் என்பதால் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமே உச்சம். பியர் 0.1 வரை தாங்கும். உங்கள் கிணறு சாக்கேக்குத் தேறியிருந்தால் இந்த ஒரு கவலை இல்லை.

அளவுதான் அடுத்த கேள்வி. ஒரு லிட்டர் பியருக்குக் கழுவுவது சேர்த்து 5 முதல் 10 லிட்டர் நீர் போகும். 60 கிலோலிட்டருக்கு 300 முதல் 600 கிலோலிட்டர். வற்றும் கோடையில் அதே கிணறு இதைத் தருமா என்பதைப் பம்ப் போட்டுப் பார்க்காமல் தொட்டிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டியும் அப்படியே; குளிர்காலச் சுமைக்குக் கட்டியது, கோடையில் ஈஸ்ட் வண்டலை வாங்கினால் ஊரே மணக்கும்.

ஒரே கூரையா, தனிக் கட்டடமா

தனிக் கட்டடம். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

கோஜி அறை 30 டிகிரிக்கு மேல் வெப்பமும் ஈரமுமாக இரண்டு நாள் ஓடும் இடம். பூஞ்சைக்கு உகந்தது எல்லாவற்றுக்கும் உகந்தது. புளித்த சோயா உணவான நட்டோவில் உள்ள பாசில்லஸ் பாக்டீரியா நுழைந்தால் கோஜி பிசுபிசுத்துக் கெட்டுவிடும் என்பதால் பல ஆலைகளில் காய்ச்சும் பருவத்தில் ஆட்கள் நட்டோ சாப்பிடுவதே இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் பத்து மீட்டரில் மால்ட் அரைத்தால்? உமியில் லாக்டிக் பாக்டீரியா, காட்டு ஈஸ்ட், பாசில்லஸ் வித்து எல்லாம் இருக்கும். அரைக்கும்போது எழும் தூசி நிமிடத்தில் கட்டடம் முழுக்கப் பரவும். பியருக்கு அதனால் பெரிய கேடில்லை. வோர்ட் ஒரு மணி நேரம் கொதிக்கிறது. கேடு முழுவதும் சாக்கே பக்கம்.

இரண்டாவது ஆபத்து ஈஸ்ட். கோதுமை பியருக்கும் பெல்ஜிய வகைகளுக்கும் போடும் ஈஸ்ட்டுகள் ஃபெருலிக் அமிலத்தை 4-வினைல் குவாயகாலாக மாற்றும். அந்தப் பியரில் கிராம்பு மணமாக இனிக்கும். அரிசியிலும் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. சாக்கே ஈஸ்ட்டுக்கு அதை மாற்றும் திறன் செயலிழந்து போனதால் கின்ஜோ சுத்தமாக நிற்கிறது. குழாய் முனையில் தங்கிய கோதுமை பியர் ஈஸ்ட், சாக்கே நொதிக்கும் கலவையான மொரோமியில் ஏறினால் அதே பொருள் புகை வாடையாக, குறையாக வந்து நிற்கும். போட்டிக்கு அனுப்பும் தொட்டி ஒன்று போனால் போதும், பியர் லாபம் கரைந்துவிடும்.

தனிக் கட்டடம் என்றால் தனிச் சாக்கடை, தனிப் பம்ப், தனி ஹோஸ், தனிச் செருப்பு. கேஸ்கெட்டுகள் நிறம் மாறி இருக்கட்டும். ரப்பரில் ஏறிய ஹாப்ஸ் மணம் கழுவினால் போகாது. ஹாப்ஸ் பொட்டலத்தைச் சாக்கே சேமிக்கும் குளிர் அறையில் பிரிக்கக் கூடாது. ஜப்பான் கடலோரத்தில் குளிர்காலக் காற்று வடமேற்கிலிருந்து வரும். மால்ட் அரவை இயந்திரம் கோஜி அறைக்குத் தென்கிழக்கே இருக்கட்டும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் வேலை பார்க்க நேர்ந்தால் காலையில் கோஜி, பிறகு பியர். பியரிலிருந்து திரும்பி கோஜிக்குப் போவதாக இருந்தால் குளித்து உடை மாற்ற வேண்டும். மினாமி உவோனுமாவின் ஹக்கைசான் தன் ரைடீன் பியருக்குத் தனி ஆலையே வைத்திருக்கிறது.

இருப்பதில் எது உதவும்

நீராவிக் கொதிகலன், கோஷிக்கி, குளிர் அறை, ஆய்வகம், ஃபோர்க்லிஃப்ட் உதவும். ஆண்டு முழுக்க ஒரே குளிர்ச்சியில் வரும் கிணற்று நீர் கொதித்த வோர்ட்டை ஏல் வெப்பத்துக்கு இறக்கப் போதும். லாகருக்கு 10 டிகிரி வேண்டுமென்றால் இரண்டாம் கட்டத்தில் கிளைகோல் என்னும் உறையாத திரவத்தால் குளிர்விப்பு சேர்க்க வேண்டும்.

எனாமல் பூசிய சாக்கே தொட்டிகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவை அழுத்தம் தாங்கக் கட்டப்பட்டவை இல்லை, அடி தட்டையாக இருப்பதால் ஈஸ்ட் எடுக்க வராது, சூடான காஸ்டிக் சோடாவில் திரும்பத் திரும்பக் கழுவினால் பூச்சு தேயும். எனாமல் சில்லு விட்ட இடத்திலிருந்து இரும்பு கசியும். குளிர்நீர்த் தேக்கமாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு அருமையானவை. பியருக்கு ஒரு பார் அழுத்தம் தாங்கும் கூம்படித் தொட்டி தனியாக வாங்கியே ஆக வேண்டும். 1.8 லிட்டர் சாக்கே பாட்டிலில் பியரை நிரப்பிப் பரிசாகக் கொடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அப்போதே தடுங்கள்: 20 டிகிரியில் பியர் பாட்டிலுக்குள் சுமார் 2 பார் அழுத்தம் இருக்கும், அந்தக் கண்ணாடி அதற்கானது இல்லை.

சூடாக்கிப் பதப்படுத்திய சாக்கேயைச் சாதாரண லாரியில் அனுப்பிப் பழகிய முகவர், வடிகட்டாத பியரை 5 டிகிரிக்குள் கொண்டுபோக வேண்டும் என்றால் முகம் சுளிப்பார். விற்பனைக் கணக்கில் குளிர்ச் சரக்குக் கட்டணத்தைச் சேர்க்காமல் போட்ட விலை எதுவும் நிற்காது.

சாக்கே ஈஸ்ட்டில் பியர்

ஒவ்வொரு ஆலைக்கும் இந்த ஆசை வரும். ஜப்பான் காய்ச்சுநர் சங்கத்திலிருந்து வரும் 7ஆம் எண் ஈஸ்ட், நாகானோவின் சுவாவில் 1946இல் பிரித்தெடுக்கப்பட்டது. 9ஆம் எண் குமாமோட்டோவிலிருந்து வந்தது. 1801ஆம் எண் ஆப்பிள் மணத்துக்குப் பெயர் பெற்றது. மொரோமியில் 20 சதவீத ஆல்கஹால் வரை தள்ளும் இந்த ஈஸ்ட், வோர்ட்டில் ஏன் தடுமாறுகிறது? மொரோமியில் கோஜி சிறிது சிறிதாகக் குளுக்கோஸை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. வோர்ட்டிலோ சர்க்கரையில் பாதி மால்ட்டோஸ், எட்டில் ஒரு பங்கு மால்ட்டோட்ரையோஸ். சாக்கே ஈஸ்ட் முன்னதை மெதுவாகத்தான் தின்னும், பின்னதைப் பெரும்பாலும் விட்டுவிடும். முடிவில் பியர் இனிப்பாக, கனமாக நிற்கும்.

இதற்கு மூன்று விதமாகத் தீர்வு காணலாம். மாஷில் கோஜி சேர்த்து 55 டிகிரியில் 90 நிமிடம் நிறுத்தினால் குளுக்கோஸ் பங்கு உயரும். அல்லது வோர்ட்டைப் பாதியாகப் பிரித்து, ஒன்றில் ஏல் ஈஸ்ட், ஒன்றில் சாக்கே ஈஸ்ட், பிறகு கலப்பு. இது பாதுகாப்பான வழி, இரண்டு தொட்டி வேண்டும். அல்லது 8 சதவீதத்துக்கு மேற்பட்ட கனத்த ஏலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம், அங்கே மிச்ச இனிப்பு குறையாகத் தெரியாது. வெப்பம் 15 முதல் 18 டிகிரி. 7, 9 என்று எண் போட்டவை மலைபோல நுரை எழுப்பும். மூடிய தொட்டியில் கால் பங்கு காலி விடாவிட்டால் நுரை காற்றுக் குழாயை அடைத்துவிடும். நுரைக்காத 701, 901 வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஹாப்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள், கசப்பு அலகு 15ஐத் தாண்டினால் அந்த மெல்லிய பழ மணம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

அன்றாடம் ஓட வேண்டிய பியருக்கு நல்ல ஏல் ஈஸ்ட்டே போதும். சாக்கே ஈஸ்ட் ஆண்டுக்கு ஒன்றிரண்டு காய்ச்சலுக்கு.

காகித வேலையின் காலம்

உரிம விண்ணப்பத்தின் வழக்கமான பரிசீலனைக் காலம் நான்கு மாதம். கிடைத்ததும் பதிவு வரி 1,50,000 யென். விண்ணப்பிக்கும்போதே இடமும் கருவிகளும் முடிவாகியிருக்க வேண்டும், விற்பனைத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஆழத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அட்டவணை தயாராக வேண்டும். சாக்கேக்குச் செய்து பழகியவர்களுக்கு அது புதிதல்ல. சோதனைத் தயாரிப்பு உரிமம் என்று ஒன்று உண்டு, அதில் காய்ச்சியதை விற்கக் கூடாது. ஹாப்போஷு எடுப்பவர், பொருள் வாங்கும் முன் செய்முறையை எடையோடு எழுதி வரி அலுவலகத்தில் காட்டிவிட வேண்டும். மால்ட் 51 சதவீதமாக வந்துவிட்டால் அது உரிமமில்லாத பியர்.

கோடைக்குப் பியர் வேண்டுமென்றால் முதல் காய்ச்சல் ஏப்ரலில். அதற்கு முன் மார்ச்சில் நீர் ஓட்டம், கசிவுச் சோதனை. அப்படியானால் விண்ணப்பம் அக்டோபருக்குள் போக வேண்டும். புது அரிசி வந்து இறங்கும் மாதமும் அதுதான், அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. எனவே ஆகஸ்ட்டிலேயே எழுதி முடித்துவிடுங்கள்.